கசக்கிறது என்ற ஒரு சொல்: வால்நட் பெஸ்டோ பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

எட்டுப் பேருக்கான இரவு உணவு. பாஸ்தாவுக்கு பெஸ்டோ, அதாவது துளசி இனத்து மணக்கீரையான பேசிலைப் பருப்பு, சீஸ், எண்ணெயோடு அரைக்கும் பச்சை சாஸ். வழக்கமான பைன் பருப்புக்குப் பதில் வால்நட் போட்டு வீட்டிலேயே அரைத்திருந்தேன். மாலை 4 மணிக்கு அரைத்து, ஜாடியில் மூடி வைத்து, 8 மணிக்குப் பரிமாறினேன். அரைத்தபோது பளிச்சென்று பச்சையாக இருந்தது. மேசைக்கு வந்தபோது மேல்பகுதி பழுப்பாகியிருந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள், ஆனால் யாரும் இரண்டாவது முறை கேட்கவில்லை. வந்திருந்தவர்களில் ஒருவருடைய மகள், பத்து வயது, இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆன்ட்டி, இது கசக்குது. க்ரேயான் மாதிரி வாசனை வருது" என்றாள். அவள் அம்மா அதட்டினார். ஆனால் பிறகு நடந்த தேடலில் எனக்கு உண்மையாகவே உதவியது அந்தப் பெண் சொன்ன அந்த இரண்டு வரிதான்.

அடுத்த மூன்று வாரங்களில் இதே பெஸ்டோவைப் பலமுறை செய்து, என்ன தவறியது என்று பார்த்தேன். அந்தக் கதை இது.

அன்று போட்டவை

அன்றைய கணக்கை மாற்றாமல் எழுதுகிறேன். பேசில் இலை 60 கிராம், வால்நட் 60 கிராம், பூண்டு மூன்று பல், பார்மேசன் சீஸ் 50 கிராம், எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெய் 120 மில்லி, உப்பு ஒரு டீஸ்பூன். எல்லாவற்றையும் ஒன்றாக மிக்ஸியில் போட்டு, முழு வேகத்தில், இரண்டு நிமிடத்துக்குக் குறையாமல் ஓட்டினேன். முடிந்தபோது ஜார் வெதுவெதுப்பாக இருந்தது. பேசில் முந்தின நாள் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தது. இலைகளில் அங்கங்கே கரும்புள்ளி. வால்நட் பாக்கெட்டைப் பிரித்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியில், வெளிச்சம் படும் கண்ணாடி ஜாடியில் இருந்தது.

இப்போது திரும்பப் படித்தால் தவறுகள் வரிசையாக நிற்பது தெரிகிறது. அன்று எனக்கு எதுவும் தவறாகத் தோன்றவில்லை. "பைன் பருப்பு இல்லையென்றால் வால்நட் போடலாம்" என்று எல்லோரும் சொல்கிறார்கள், நானும் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டேன்.

பெஸ்டோ இத்தாலியின் லிகூரியா பகுதியில், ஜெனோவா நகரத்தில் வேரூன்றிய உணவு. இடிப்பதைக் குறிக்கும் 'பெஸ்தாரே' என்ற இத்தாலியச் சொல்லிலிருந்து வந்த பெயர். பளிங்கு உரல், மரக் குழவி, பேசில், பூண்டு, கல்லுப்பு, பைன் பருப்பு, இரண்டு வகை சீஸ், ஆலிவ் எண்ணெய். அங்கே 60 முதல் 70 கிராம் இலைக்குப் பருப்பு 30 கிராம்தான் சொல்வார்கள். நான் போட்டது அதில் இரண்டு மடங்கு. இன்னொன்றும் உண்டு. அதே லிகூரியாவில் வால்நட்டுக்கென்றே 'சால்சா தி நோச்சி' என்று ஒரு சாஸ் இருக்கிறது. கீரை அடைத்த 'பன்சோத்தி' என்ற பாஸ்தாவுக்கு ஊற்றுவது. அதற்கு வால்நட்டைக் கொதிநீரில் போட்டுத் தோலை உரித்துவிட்டு, பாலில் நனைத்த ரொட்டியோடு சேர்த்து அரைப்பார்கள். வால்நட்டோடு தலைமுறைகளாகப் பழகிய சமையல் அதன் தோலை எடுத்துவிடுகிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கும். இதை முன்பே படித்திருந்தும் நான் பொருட்படுத்தவில்லை.

மறுநாள் காலை, ஒரு ஸ்பூன்

மிச்சத்தை இரவே ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். காலையில் ஒரு ஸ்பூன் எடுத்து, அவசரப்படாமல், குறிப்பெழுதிக்கொண்டே சுவைத்தேன். அப்போதுதான் 'கசக்கிறது' என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு குறைகள் இருப்பது தெரிந்தது.

முதலில், நாக்கில் வைப்பதற்கு முன்பே ஒரு வாடை. பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்ததுபோல. இது கசப்பே அல்ல, சிக்கு வாடை. இரண்டாவது, மென்று முடிக்கும்போது கன்னத்தின் உட்புறம் உலர்ந்து, நாக்கு சொரசொரப்பாகிறது. பிஞ்சுக்காயைக் கடித்ததுபோல. இதற்குத் தமிழில் துவர்ப்பு என்று தனிச் சொல்லே இருக்கிறது. மூன்றாவது, விழுங்கிய பிறகு தொண்டையில் நின்று காறுகிற, மெதுவாக மறைகிற ஒரு கசப்பு. மூன்றும் மூன்று நேரத்தில், வாயில் மூன்று இடத்தில் வருகின்றன. அப்படியானால் காரணங்களும் வேறு வேறாகத்தான் இருக்க வேண்டும்.

இந்தப் பிரிப்புதான் இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த பெரிய விஷயம். 'கசப்பு' என்று மட்டும் எழுதி வைத்திருந்தால், ஏதோ ஒரு பொருளை மாற்றி, கொஞ்சம் குறைந்ததும் திருப்தியாகி, மீதி இரண்டையும் அப்படியே விட்டிருப்பேன்.

விருந்துக்கு வந்த ஒருவர் போனில் ஒரு சந்தேகம் கேட்டார்: "பைன் பருப்பு சாப்பிட்டா நாள் கணக்கில் வாய் கசக்கும் என்பார்களே, அதுவா?" நியாயமான கேள்வி. பைன் பருப்பு சாப்பிட்ட ஓரிரு நாளில் சிலருக்கு எதைத் தின்றாலும் உலோகக் கசப்பு தட்டும், அது ஒரு வாரம், இரண்டு வாரம்கூட நீடிக்கும். பைனஸ் அர்மாண்டி என்ற இனத்தின் பருப்போடு அதைத் தொடர்புபடுத்துகிறார்கள். ஆனால் நாங்கள் பைன் பருப்பே போடவில்லை, கசப்பும் அந்த வாயிலேயே தெரிந்தது. அந்தச் சந்தேகத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாகச் சுவைத்தேன். சீஸ் நன்றாக இருந்தது. எண்ணெய் தொண்டையில் லேசாகக் காறியது, ஆனால் நல்ல ஆலிவ் எண்ணெய் அப்படித்தான் இருக்கும். பூண்டுப் பல்லைப் பிளந்தால் நடுவில் பச்சை முளை. வால்நட்டை எடுத்து மென்றேன். முதல் நான்கைந்து மெல்லலில் இனிப்பு, பத்தாவது மெல்லலில் அதே க்ரேயான்.

முதல் குறை: சிக்கு

100 கிராம் வால்நட்டில் ஏறக்குறைய 65 கிராம் கொழுப்பு. அதில் 47 கிராம் அளவு பல்நிறைவுறா (பாலிஅன்சாச்சுரேட்டட்) வகை, 9 கிராம் ஒமேகா-3 வகையான ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். உடலுக்கு நல்லது என்று நாம் கொண்டாடும் அதே கொழுப்புதான் சீக்கிரம் கெடவும் செய்கிறது. அதன் மூலக்கூறில் இரட்டைப் பிணைப்புகள் அதிகம். ஆக்சிஜன் அங்கே எளிதாகத் தாக்கும். வெப்பமும் வெளிச்சமும் அதை வேகப்படுத்தும். அடுப்புக்கு மேல், கண்ணாடி ஜாடியில், நான்கு மாதம்: கெடுவதற்கு என்னென்ன வேண்டுமோ அத்தனையும் நானே கொடுத்திருக்கிறேன்.

அந்தப் பெண் சொன்ன க்ரேயான் வாசனையும் வெறும் கற்பனை அல்ல. வால்நட் எண்ணெய் காற்றுப் பட்டால் இறுகிக் காயும் வகை. ஆளி விதை எண்ணெயைப் போலவே இதையும் ஐரோப்பிய ஓவியர்கள் பல நூற்றாண்டுகளாக வண்ணம் குழைக்கப் பயன்படுத்தினார்கள். எண்ணெய் ஓவியத்தைக் காயவைக்கும் அதே ஆக்சிஜனேற்றம்தான் என் அலமாரியிலும் நடந்திருக்கிறது. ஓவியக் கூடத்து வாசனை பெஸ்டோவில் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஓடோடு கூடிய புது வால்நட் வாங்கி, உடைத்து, வெளிர்நிறப் பருப்பாகத் தேர்ந்து, மற்ற எல்லாவற்றையும் முன்போலவே வைத்து மறுபடி அரைத்தேன். பெயின்ட் வாடை முழுக்கப் போய்விட்டது. துவர்ப்பும் தொண்டைக் கசப்பும் அப்படியே இருந்தன.

இப்போது என் வால்நட், காற்றுப் புகாத டப்பாவில், தேதி எழுதி, ஃப்ரீசரில் இருக்கிறது. எடுத்த ஐந்து நிமிடத்தில் பயன்படுத்தலாம். சமைக்கும் முன் ஒரு துண்டை வாயில் போட்டு, பத்து முறை மெல்லாமல் எதிலும் சேர்ப்பதில்லை. முதல் கடியிலேயே துப்பவோ விழுங்கவோ கூடாது, சிக்கு தாமதமாகத்தான் வரும்.

இரண்டாவது குறை: தோல்

நான் அதிக நேரம் செலவழித்தது இதில்தான்.

வால்நட் பருப்பைச் சுற்றியுள்ள பழுப்புத் தோல் தாளைவிட மெல்லியது. ஆனால் வால்நட்டின் டானின் என்ற துவர்ப்புப் பொருளில் பெரும்பகுதி அந்தத் தோலில்தான் குவிந்திருக்கிறது. டானின் நம் எச்சிலில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். எச்சிலின் வழுவழுப்பு குறைய, வாய் உலர்ந்ததுபோல் ஆகிறது. அதுதான் துவர்ப்பு. முழுப் பருப்பாகத் தின்னும்போது இது பெரிதாகத் தெரியாது, கொழுப்பும் இனிப்பும் மூடிவிடும். பொடியாக அரைக்கும்போது தோல் வாயெங்கும் பரவுகிறது. நிறத்தையும் அது கெடுக்கும். தோலோடு அரைத்த பெஸ்டோவில் பச்சைக்கு அடியில் ஒரு சாம்பல் மங்கல் இருந்தது. லியொனார்தோ டா வின்சியின் குறிப்புகளில், ஓவியத்துக்கு வால்நட் எண்ணெய் எடுக்கும்போது தோலை நீக்காவிட்டால் அது நிறத்தைக் கெடுக்கும் என்று ஓர் எச்சரிக்கை இருக்கிறது. ஓவியருக்குத் தொல்லை கொடுத்த அதே தோல்.

ஒரே பையிலிருந்து எடுத்த வால்நட்டை மூன்று பங்காகப் பிரித்தேன். ஒரு பங்கு பச்சையாக, தோலோடு. இரண்டாவது பங்கு அவனில் 165 டிகிரி செல்சியஸில் 8 நிமிடம் வறுத்து, சூடு ஆறுவதற்குள் துணியில் சுற்றித் தேய்த்தது. பாதித் தோல் வந்தது. மூன்றாவது பங்கு கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு, கத்தி நுனியால் உரித்தது. அந்தத் தண்ணீர் டீ டிகாக்‌ஷன் நிறத்துக்கு மாறியதைப் பார்த்ததுமே பாதி விடை கிடைத்துவிட்டது. அதில் ஒரு ஸ்பூன் சுவைத்தும் பார்த்தேன்: முதல் நாள் பெஸ்டோவின் துவர்ப்பு, வேறெதுவும் கலக்காமல், தனியாக.

மூன்றையும் ஒரே அளவு இலையோடு தனித்தனியாக இடித்துச் சுவைத்தபோது: தோலோடு இருந்தது துவர்த்தது. வறுத்துத் தேய்த்ததில் துவர்ப்பு வெகுவாகக் குறைந்தது, ஆனால் வறுத்த வாசனை ஏறி, பேசில் பின்னால் போய்விட்டது. வால்நட் சாஸில் கொஞ்சம் பேசில் போட்டதுபோல இருந்தது. உரித்தது பால்போல் மென்மை, லேசான இனிப்பு, பேசிலின் மணம் முன்னால் நின்றது.

என் தேர்வு மூன்றாவதுதான், ஒரு சிறு திருத்தத்தோடு. உரித்த பருப்பு ஈரமாக இருக்கும். அப்படியே அரைத்தால் பெஸ்டோ நீர்த்துப்போகிறது. அதனால் 150 டிகிரியில் ஐந்தாறு நிமிடம், நிறம் மாறாமல், காயவைக்கிறேன். 30 கிராம் உரிக்க எனக்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மடிப்புகளில் ஒளிந்திருக்கும் தோல் முழுக்க வராது, வரவும் வேண்டாம். முக்கால்வாசி போனாலே வாய் உலரும் உணர்வு போய்விடுகிறது. நேரமில்லாதவர்கள் வறுத்துத் தேய்க்கலாம், அதுவும் நல்ல பெஸ்டோதான். தோலோடு பச்சையாக மட்டும் அரைக்காதீர்கள்.

மூன்றாவது குறை: பிளேடு

புது வால்நட், உரித்த வால்நட். இருந்தும் மிக்ஸியில் அரைத்தால் தொண்டையில் அந்தக் கசப்பு வந்தது, உரலில் இடித்தால் வரவில்லை. பொருள்கள் ஒன்றே. அப்படியானால் காரணம் இயந்திரத்தில் இருக்க வேண்டும்.

எண்ணெயை மட்டும் தனியாகச் சோதித்தேன். பாதியை அப்படியே கிண்ணத்தில் ஊற்றினேன். மறுபாதியில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் சேர்த்து மிக்ஸியில் ஒரு நிமிடம் அடித்தேன், மயனைஸ்போல் வெளுத்தது. இரண்டிலும் ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட்டால் ஒரே பாட்டில் எண்ணெய் என்று நம்ப முடியாது. அடித்தது அவ்வளவு கசந்தது. எக்ஸ்ட்ரா வர்ஜின் எண்ணெயில் கசப்பான பாலிஃபீனால்கள் உண்டு. எண்ணெய் முழுதாக இருக்கும்போது அவற்றைக் கொழுப்பு போர்த்தியிருக்கிறது. வேகமான பிளேடு எண்ணெயை நுண்துளிகளாகச் சிதறடிக்கும்போது அவை வெளியே வந்து நாக்கைத் தொடுகின்றன என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். விளக்கம் எப்படியோ, தீர்வு எளிது. மிக்ஸியில் ஒன்றிரண்டு ஸ்பூன் எண்ணெய் மட்டும் விட்டு, விட்டுவிட்டு ஓட்டி அரைக்க வேண்டும். மீதி எண்ணெயை வெளியே எடுத்துக் கரண்டியால் கலக்க வேண்டும்.

பூண்டும் கொஞ்சம் பங்காளி. பூண்டின் செல்கள் உடையும்போது அல்லினேஸ் என்ற நொதி வேலை செய்து காரமான அல்லிசினை உண்டாக்குகிறது. எவ்வளவு நைசாக அரைக்கிறோமோ அவ்வளவு காரம். மூன்று பல், முளையோடு, இரண்டு நிமிட அரைப்பு என்பது அதிகம். முளையை எடுத்த ஒரு சிறு பல் போதும்.

நிறம்

பழுப்பானதற்கு வால்நட் முழுப் பொறுப்பல்ல. பேசில் இலையை வெட்டினாலும் அரைத்தாலும் அதிலுள்ள பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி, ஆக்சிஜன் துணையோடு, ஃபீனால்களைப் பழுப்பு நிறமிகளாக மாற்றுகிறது. வெட்டிய ஆப்பிள் கறுப்பதும் இதனால்தான். வெதுவெதுப்பான ஜார் அதை வேகப்படுத்தியது. ஃபிரிட்ஜும் சேர்ந்து கெடுத்தது: பேசில் குளிர் தாங்காத செடி, சுமார் 12 டிகிரிக்குக் கீழே இலை கறுக்கத் தொடங்கும். இப்போதெல்லாம் தண்டைத் தண்ணீர்க் குவளையில் நிறுத்தி, பூங்கொத்துபோல வெளியேதான் வைக்கிறேன்.

இலையைக் கொதிநீரில் 10 வினாடி காட்டி, ஐஸ் தண்ணீரில் போட்டுப் பிழிந்து அரைத்தால் நொதி செயலிழந்து, பச்சை நாள் கணக்கில் நிற்கும். செய்து பார்த்தேன், நிறம் அபாரம். ஆனால் மணத்தில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடுகிறது. நிறத்துக்காக மணத்தை விட எனக்கு மனமில்லை. ஃப்ரீசரில் வைப்பதற்கு மட்டும் அப்படிச் செய்கிறேன். உடனே சாப்பிடுவதற்குப் பச்சை இலைதான், குளிரவைத்த ஜாரில், மேசைக்குப் போகும் கால் மணி முன்பு. எலுமிச்சைச் சாறு சிலர் சேர்ப்பார்கள். பழுப்பாவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். ஆனால் அமிலம் பச்சையத்தை நேரம் போகப்போக மங்கிய ஆலிவ் நிறத்துக்கு மாற்றிவிடும், சுவையும் திசை மாறும். நான் சேர்ப்பதில்லை.

திருத்திய அளவு

நான்கைந்து பேருக்கு: பேசில் இலை 60 கிராம், கழுவினால் ஈரம் போகத் துடைத்தது. உரித்துக் காயவைத்த வால்நட் 30 கிராம். பூண்டு ஒரு சிறு பல். பார்மேசன் 40 கிராம், செம்மறியாட்டுப் பால் சீஸான பெகோரினோ 15 கிராம். எண்ணெய் 80 மில்லி. கல்லுப்பு இரண்டு சிட்டிகை. சீஸிலேயே உப்பு உண்டு, குறைந்தால் கடைசியில் போட்டுக்கொள்ளலாம்.

உரலில் முதலில் பூண்டும் உப்பும், பிறகு வால்நட். அது பசையானதும் இலையைக் கைப்பிடி கைப்பிடியாக. இலையைக் குத்தக் கூடாது. குழவியைச் சுழற்றி, உரலின் சுவரோடு தேய்க்க வேண்டும். அப்புறம் சீஸ், கடைசியில் எண்ணெய். பெஸ்டோவை அடுப்பில் ஏற்றவே கூடாது. பாஸ்தா வெந்த தண்ணீரை இரண்டு மூன்று ஸ்பூன் விட்டு இளக்கினால், அதிலுள்ள மாவுச்சத்து எண்ணெயைப் பிரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஜெனோவாவில் உருளைக்கிழங்கையும் பீன்ஸையும் பாஸ்தாவோடு அதே பானையில் வேகவைத்துச் சேர்ப்பார்கள். வால்நட் பெஸ்டோவுக்கு அந்த உருளைக்கிழங்கு அருமையாகப் பொருந்துகிறது.

ஜாடியில் வைப்பது பற்றி

இடையில் நடந்த ஒரு பேச்சையும் பதிவுசெய்ய வேண்டும். நிறைய அரைத்துவிட்டதைப் பார்த்த தோழி ஒருவர், "மேலே எண்ணெய் ஊற்றி மூடி வை, வெளியிலேயே ஒரு மாதம் இருக்கும்" என்றார். நல்லெண்ணத்தில் சொன்னது, ஆனால் ஆபத்தான யோசனை. எண்ணெய்ப் படலம் காற்றைத் தடுத்து நிறத்தைக் காக்கும். அதே காற்றில்லாத நிலைதான், அமிலம் குறைந்த பூண்டும் இலையும் இருக்கும் இடத்தில், க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா வளரவும் நச்சு உண்டாக்கவும் வசதி செய்து தருகிறது. மணத்திலோ நிறத்திலோ அது தெரிய வேண்டிய அவசியமில்லை. 1985இல் கனடாவின் வான்கூவரில், எண்ணெயில் போட்ட நறுக்கிய பூண்டால் 36 பேர் அந்த நச்சால் வரும் பாட்டுலிசம் என்ற நோயால் பாதிக்கப்பட்டார்கள். வீட்டில் செய்த பெஸ்டோ ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள். அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர். ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவைத்தால் வேண்டிய அளவு எடுக்கலாம். சீஸை மட்டும் உருகிய பிறகு சேர்த்தால் சுவை நன்றாக இருக்கிறது.

மூன்று வாரம் கழித்து

அந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் மறுபடி வந்தார்கள், புதிதாக ஒருவர் சேர்ந்தார். இந்த முறை கூப்பிடும்போதே யாருக்காவது கொட்டை அலர்ஜி உண்டா என்று கேட்டேன். முதல் முறை கேட்காமல் விட்டது இந்த நிகழ்விலேயே பெரிய தவறு. பெஸ்டோவில் பருப்பு அரைபட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. பைன் பருப்பு ஒத்துக்கொள்ளும் ஒருவர், வழக்கமான பெஸ்டோ என்று நினைத்து, வால்நட் ஒத்துக்கொள்ளாமல் தவித்திருக்கலாம். புதிதாக வந்தவருக்கு வால்நட் அலர்ஜி இருந்தது. அவருக்கு மட்டும் முதலிலேயே, உரலை நன்றாகக் கழுவி, பருப்பே இல்லாமல் பேசில், பூண்டு, சீஸ், எண்ணெய் மட்டும் இடித்து, வேறு பாத்திரத்தில் தனியாக மூடி வைத்தேன். அதன் பிறகுதான் வால்நட் டப்பாவைத் திறந்தேன்.

அந்தப் பெண் உரலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். உரித்த வால்நட் ஒன்றையும் உரிக்காத ஒன்றையும் கொடுத்து, மெதுவாக மென்று பார்க்கச் சொன்னேன். உரிக்காததை மென்றபோது நாக்கை மேலண்ணத்தில் தேய்த்துக்கொண்டே, "இதுதான் அன்னிக்குக் கசந்தது" என்றாள். பிறகு யோசித்து, "ஆனா அந்த க்ரேயான் இதுல இல்லையே" என்றாள். கடைசி கைப்பிடி இலையை அவள்தான் இடித்தாள்.

அன்று சட்டியில் பாஸ்தா மிஞ்சவில்லை. உரலின் ஓரத்தில் ஒட்டியிருந்ததை அவள் ரொட்டித் துண்டால் வழித்துச் சாப்பிட்டாள்.